ராணுவம் தன்னோட புகையையும் கழிவையும் உண்மையிலேயே குறைக்க முடியுமா? சோலார், மரக்கன்று தாண்டி ஏதாவது சொல்லுங்க

வெட்டிக்கேள்வி:

எல்லாருக்கும் வணக்கம். சுற்றுச்சூழல் முதுகலை ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். செமினாருக்கு எனக்கு விழுந்த தலைப்பு "ஒரு நாட்டோட ராணுவம் சுற்றுச்சூழல் பாதிப்பை எப்படி குறைக்கலாம்". இதென்ன பெரிய விஷயம்னு ஒரே ராத்திரில உக்காந்து பதினாலு ஸ்லைடு போட்டுட்டேன், கூரை மேல சோலார் பேனல், எலக்ட்ரிக் ஜீப், மரம் நடுறது, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்புன்னு. கைடு பாத்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார், இதுல "ராணுவம்"ங்கற வார்த்தைய எடுத்துட்டு "கல்லூரி விடுதி"ன்னு போட்டாலும் அப்படியே பொருந்துது, போய் திரும்ப எழுதுன்னு. கோவம் வந்துச்சு, ஆனா திரும்பப் படிச்சுப் பாத்தா அவர் சொல்றது சரிதான்.

அதான் இங்க வந்தேன். ராணுவத்துல நெஜமா எரிபொருள் எங்க போகுது, டாங்க்லயா கப்பல்லயா விமானத்துலயா? எங்கயாவது எதையாவது செஞ்சு பாத்து ஒர்க் ஆன உதாரணம் இருக்கா? இதெல்லாம் பண்ணா சண்டை போடுற திறன் குறையாதா, அப்புறம் எந்த தளபதி ஒத்துக்குவார்? உள்ள வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், இணையத்துல கெடைக்கறதெல்லாம் பத்திரிகைக் குறிப்பு மாதிரியே இருக்கு.

டீசல்மாமா:

தம்பி, நான் இருபத்திரெண்டு வருஷம் ஜெனரேட்டர் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவன். விமானம் கப்பலெல்லாம் எனக்குத் தெரியாது, அதுக்கு வேற யாராவது வருவாங்க. எனக்குத் தெரிஞ்சது முகாம். முகாம்ல டீசல் எங்க வீணாகுதுன்னு நான் சொல்றேன், உங்க கைடு இதைக் கேட்டிருக்க மாட்டார்.

ஒரு முகாம் போடுறாங்கன்னு வைங்க. சமையலுக்கு ஒரு ஜெனரேட்டர், ஆபீஸ் கூடாரத்துக்கு ஒண்ணு, சிக்னல் பிரிவுக்கு ஒண்ணு, மருத்துவ கூடாரத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஸ்டாண்ட்பை ஒண்ணு. யாரும் யாரோட கரண்டையும் நம்ப மாட்டாங்க, அவனவன் மெஷின் அவனவனுக்கு. அதுவும் எந்த சைஸ் கேப்பாங்க தெரியுமா, உச்சி வெயில்ல எல்லா ஏசியும் ஒரே நேரத்துல ஸ்டார்ட் ஆனா எவ்வளவு வேணுமோ அந்த சைஸ். அப்படி ஒரு நிமிஷம் வருஷத்துல எத்தனை தடவை வரும்? மீதி நேரமெல்லாம் 60 கிலோவாட் மெஷின் பத்து பன்னெண்டு கிலோவாட்டை இழுத்துக்கிட்டு சும்மா முனகிக்கிட்டு இருக்கும்.

டீசல் எஞ்சின் அப்படி ஓடக்கூடாதுங்க. லோடு 30 சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா சிலிண்டர் சூடு ஏறாது, டீசல் முழுசா எரியாது, எரியாத டீசலும் கரியும் சேந்து சைலன்சர் மூட்டுல கருப்பா எண்ணெய் மாதிரி கசிஞ்சு வழியும். இதை வெட் ஸ்டாக்கிங்னு சொல்வோம். புதுசா வந்த பசங்க ஆயில் சீல் போயிடுச்சு சார்னு ஓடி வருவாங்க, விரலால தொட்டு மோந்து பாத்தா தெரிஞ்சுடும், அது ஆயில் இல்ல, எரியாத டீசல். அதை சரி பண்ண என்ன செய்வோம்னு சொன்னா சிரிப்பீங்க. லோடு பாங்க்னு ஒரு பெரிய ஹீட்டர் பொட்டி இருக்கும், அதை மாட்டி மெஷினை ஃபுல் லோடுல மணிக்கணக்குல ஓட விடுவோம், உள்ள இருக்கிற கரியெல்லாம் எரிஞ்சு வெளிய போகும். அதாவது கம்மியா எரிச்சதால வந்த அழுக்கை எடுக்க, வெறும் காத்தை சூடாக்கி இன்னும் நெறைய டீசல் எரிப்போம். யாருக்கும் ஒரு பல்பு கூட எரியாது அதுல.

இதுக்கு வழி என்னன்னா ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்ல. நாலஞ்சு மெஷினை ஒண்ணா கேபிள்ல இணைச்சு, லோடு ஏறினா அடுத்த மெஷின் தானா ஸ்டார்ட் ஆகற மாதிரி, எறங்கினா நிக்கிற மாதிரி கண்ட்ரோலர் வைக்கணும், நடுவுல பேட்டரி வைக்கணும். இதைத்தான் மைக்ரோகிரிட்னு இப்ப பெரிய பேர் வச்சு சொல்றாங்க. சோலாரை அதுக்கப்புறம் மாட்டுங்க. கிரிட் இல்லாம சோலார் மாட்டினா என்ன ஆகும், பகல்ல ஜெனரேட்டர் லோடு இன்னும் குறையும், வெட் ஸ்டாக்கிங் இன்னும் அதிகமாகும், மெக்கானிக் உங்களைத் திட்டுவான். நான் திட்டியிருக்கேன்.

இன்னொண்ணு கூடாரம். துணிக்கூடாரத்துக்குள்ள ஏசி போடுறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதை. கூடாரத்துக்கு மேல ஒரு நெழல் வலை, உள்பக்கம் ஒரு இன்சுலேஷன் லைனர், வாசலுக்கு ரெட்டைத் திரை, இவ்வளவு போட்டாலே ஏசி நேரம் நல்லா எறங்கும். ஈராக்ல அமெரிக்க ராணுவம் கூடாரங்க மேல ஃபோம் அடிச்சு கெட்டியாக்கினதும் இதே காரணத்துக்குத்தான்.

சண்டைத்திறன் குறையாதான்னு கேட்டீங்க. தலைகீழா யோசிங்க தம்பி. அந்த டீசல் முகாமுக்கு எப்படி வருது? லாரில. லாரிக்கு ரெண்டு பக்கமும் காவல் வண்டி. ரோட்டுல கண்ணிவெடி. அமெரிக்க ராணுவத்தோட சுற்றுச்சூழல் கொள்கை நிறுவனம் 2009-ல ஒரு அறிக்கை போட்டுச்சு, ஆப்கானிஸ்தான்ல 2007-ம் நிதியாண்டு கணக்கு, எரிபொருள் கொண்டு போற ஒவ்வொரு 24 கான்வாய்க்கும் ஒருத்தர் செத்திருக்கார் இல்ல காயம் பட்டிருக்கார். இது சுற்றுச்சூழல் கணக்கு இல்ல, உயிர்க்கணக்கு. 2010-ல அவங்க மரீன் படையில ஒரு கம்பெனி ஹெல்மண்ட் மாகாணம் சங்கினுக்கு மடக்கு சோலார் ஷீட்டெல்லாம் எடுத்துட்டுப் போச்சு. ரெண்டு சின்ன காவல் முகாம் முழுக்க சூரிய ஒளியிலேயே ஓடுச்சு, இன்னொரு முகாம்ல ஒரு நாளைக்கு 20 காலன் (ஒரு காலன்னா 3.8 லிட்டர் கிட்ட) எரிஞ்ச எடத்துல 2.5 காலனா எறங்குச்சு. ரோந்து போற பசங்க மூணு வாரம் பேட்டரி சப்ளையே கேக்காம இருந்தாங்க. துருவக்கரடியைக் காப்பாத்தணும்னு யாரும் அதைத் தூக்கிட்டுப் போகல, முதுகுல கனம் கொறையுதேன்னு தூக்கிட்டுப் போனாங்க.

தளபதிகிட்ட "கார்பன்"னு ஆரம்பிச்சீங்கன்னா டீ குடிக்கப் போயிடுவார். "கான்வாய்"னு ஆரம்பிங்க, உக்காந்து கேப்பார்.

கணக்குப்பிள்ளை:

டீசல்மாமா சொன்னது அருமை, ஆனா தம்பி ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க, முகாம் ஜெனரேட்டர் முழுப்படத்துல ஒரு ஓரம்தான். பெரிய விமானப்படை இருக்கிற எந்த ராணுவத்தை எடுத்தாலும் எரிபொருள்ல சிங்கப்பங்கு விமான எரிபொருளுக்குத்தான் போகும். அமெரிக்க பாதுகாப்புத்துறையோட எனர்ஜில முக்கால்வாசிக்கு பக்கம் ஆபரேஷனுக்கு, அதாவது விமானம், கப்பல், களத்துல ஓடற வண்டிங்களுக்குப் போகுது, மீதிதான் கட்டடம், நிரந்தரத் தளம், ஆபீஸ் கார். உங்க பதினாலு ஸ்லைடும் அந்த மீதிக்குள்ளயே சுத்துது, அதான் உங்க கைடுக்குப் பிடிக்கல.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. எவ்வளவு எரியுதுன்னு யாருக்குத் தெரியும்? 1997-ல கியோட்டோ காலநிலைப் பேச்சுவார்த்தை நடந்தப்போ, ஐநா சாசனப்படி பல நாடுகள் சேந்து செய்யற ராணுவ நடவடிக்கையோட புகையையும், சர்வதேச கடல், வான் பயணத்துக்கு நிரப்பற எரிபொருளையும் நாட்டோட மொத்தக் கணக்குல சேக்க வேணாம்னு முடிவாச்சு. அமெரிக்கா கடுமையா பேசி வாங்கின விலக்கு அது. கடைசில அமெரிக்கா கியோட்டோவை அங்கீகரிக்கவே இல்லங்கறது தனி காமெடி. 2015 பாரிஸ் ஒப்பந்தத்துல அந்த விலக்கு போச்சு, ஆனா ராணுவக் கணக்கைத் தனியா காட்டியே ஆகணும்னும் கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டா காட்டலாம். விருப்பப்பட்டவங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதனாலதான் உலகம் முழுக்க ராணுவங்களோட பங்கு எவ்வளவுன்னு வெளிய இருந்துதான் மதிப்பிட வேண்டியிருக்கு. 2022-ல ரெண்டு பிரிட்டிஷ் ஆய்வுக் குழுக்கள் சேந்து போட்ட கணக்கு, உலக உமிழ்வுல சுமார் 5.5 சதவீதம். எல்லா ராணுவமும் சேந்து ஒரு நாடா இருந்தா நாலாவது எடத்துல நிக்கும். இது மதிப்பீடுதான், துல்லியம் இல்ல, ஸ்லைடுல போடும்போது அதையும் சேத்து எழுதுங்க. பிரிட்டன்ல மத்திய அரசுத் துறைகளோட மொத்த உமிழ்வுல பாதி பாதுகாப்புத்துறையோடதுன்னு அவங்களே ஒத்துக்கறாங்க, அந்த மாதிரி ஒத்துக்கிட்ட நாட்டுலதான் குறைக்கற பேச்சே ஆரம்பிக்க முடியும்.

சரி, விமானத்துல என்ன பண்றது. போர் விமானத்தை பேட்டரில ஓட்ட முடியாது, அந்தக் கனவு வேணாம். மாத்து எரிபொருள் இருக்கு. 2022 நவம்பர்ல பிரிட்டன் விமானப்படை வாயேஜர்னு ஒரு பெரிய டேங்கர் விமானத்தை (நடுவானத்துல மத்த விமானத்துக்கு எரிபொருள் குடுக்கறது) முழுக்க முழுக்க அந்த எரிபொருள்லயே ஒன்றரை மணி நேரம் பறக்க விட்டாங்க, பெரும்பாலும் பழைய சமையல் எண்ணெய்லேருந்து எடுத்தது. இந்திய விமானப்படையும் 2018 டிசம்பர்ல ஏஎன்-32 விமானத்துல காட்டாமணக்குலேருந்து எடுத்த எரிபொருளை 10 சதவீதம் கலந்து பறந்து பாத்தாங்க. ஆனா குழாய்ல வர்ற கார்பன் டை ஆக்சைடு அதே அளவுதான் வரும், செடி வளரும்போது காத்துலேருந்து எடுத்ததைத் திருப்பி விடறோம்ங்கற கணக்குலதான் லாபம். அதோட உலகத்துல பழைய எண்ணெய் எவ்வளவுதான் இருக்கும், சிவில் விமானக் கம்பெனிங்களும் அதே எண்ணெய்க்குத்தான் அடிச்சுக்கறாங்க.

விலை கதையும் ஒண்ணு இருக்கு. 2012-ல அமெரிக்க கடற்படை 'கிரேட் கிரீன் ஃப்ளீட்'னு பேர் வச்சு பசிபிக்ல ஒரு பயிற்சில பாதி உயிரி எரிபொருள் கலந்து கப்பலும் விமானமும் ஓட்டிக் காட்டுச்சு. 4,50,000 காலன், 1.2 கோடி டாலர். கலக்கறதுக்கு முன்னாடி அந்த உயிரி எரிபொருள் மட்டும் காலன் 26 டாலர் சொச்சம் வருது! பார்லிமெண்ட்ல கிழிச்சு எடுத்துட்டாங்க. 2016-ல மறுபடி செஞ்சப்போ மாட்டுக்கொழுப்புலேருந்து எடுத்ததை வெறும் 10 சதவீதம்தான் கலந்தாங்க, சாதாரண எரிபொருள் விலைக்கு கிட்ட வந்துச்சு, சத்தமும் இல்ல. பிரமாண்டமா ஷோ காட்டினா அடி வாங்குவீங்க, அமைதியா செஞ்சா நடக்கும்.

நெஜமா சேமிப்பு எங்க கெடைச்சிருக்குன்னா கேமராவே போகாத எடத்துல. கேசி-135ன்னு பழைய டேங்கர் விமானம், அதோட முன் கண்ணாடில ரெண்டு வைப்பர். பறக்கும்போது அது படுக்கைவாக்குல நிக்கும், காத்து மோதும். அதை நெட்டுக்குத்தா நிறுத்தினா காத்து இழுவை கிட்டத்தட்ட ஒரு சதவீதம் குறையும்னு கண்டுபிடிச்சாங்க. அறுபது வருஷமா பறக்குற விமானம், வைப்பரைத் திருப்பி வைக்கணும்னு யாருக்கும் தோணல! அப்புறம் கத்தார்ல இருக்கற அமெரிக்க விமானப்படையோட கட்டளை மையத்துல, எந்த டேங்கர் எந்த விமானத்துக்கு எங்க எரிபொருள் குடுக்கணும்னு 2016 வரைக்கும் வெள்ளை போர்டுல காந்த வில்லை ஒட்டி, மார்க்கர்ல கோடு போட்டு, கையாலதான் திட்டம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அதை ஒரு சாஃப்ட்வேருக்கு மாத்தினதும் அதே வேலைக்கு தெனமும் பறக்க வேண்டிய டேங்கர் எண்ணிக்கை குறைஞ்சுடுச்சு. பறக்காத விமானம்தான் இருக்கறதுலயே பசுமையான விமானம்.

கடல்ல மேக்கின் ஐலண்ட்னு ஒரு அமெரிக்க கடற்படைக் கப்பல், 2009-ல சேவைக்கு வந்துச்சு, மெதுவா போகும்போது மின்மோட்டார், வேகமா போகும்போது காஸ் டர்பைன். முதல் பயணத்துலயே 9,00,000 காலன் மிச்சம்னு அறிவிச்சாங்க. நம்ம ஆட்டோக்காரர் சிக்னல்ல எஞ்சினை அணைக்கிற அதே புத்திதான். டாங்க்லயும் இதே கதை, ஏப்ராம்ஸ் டாங்க் சும்மா நின்னுக்கிட்டு ரேடியோவும் கேமராவும் ஓட்டறதுக்கே மணிக்கு 10 காலன் கிட்ட குடிக்கும், ஏன்னா அது ஒரு ஜெட் எஞ்சினோட அண்ணன் தம்பி. பக்கத்துல ஒரு குட்டி ஜெனரேட்டரோ பேட்டரியோ வச்சா போதும். டாங்க் ஓடற நேரத்தைவிட நிக்கிற நேரம்தான் எப்பவும் அதிகம்.

நேரா_பேசுவோம்:

எல்லாரும் மன்னிக்கணும், படிக்கப் படிக்க சிரிப்புதான் வருது. வைப்பரைத் திருப்பி ஒரு சதவீதம் மிச்சம் பண்ணி அந்த விமானத்துல என்ன பண்றாங்க, குண்டு போடுற விமானத்துக்கு பெட்ரோல் ஊத்தறாங்க. 1991-ல குவைத்தை விட்டுப் பின்வாங்கின ஈராக் படைங்க 600-க்கு மேல எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்தி விட்டுட்டுப் போனாங்க, மாசக்கணக்குல எரிஞ்சுச்சு, பகல்ல லைட் போட்டு வண்டி ஓட்டினாங்க. உக்ரைன் போர்ல முதல் ரெண்டு வருஷத்துக்கு மட்டும் 17.5 கோடி டன்னுன்னு ஒரு குழு கணக்கு போட்டிருக்கு, அதுல இடிஞ்சதைத் திருப்பிக் கட்டற சிமெண்ட்டும் இரும்பும் பெரிய பங்கு. இந்த லட்சணத்துல மைக்ரோகிரிட்டாம். பசுமையான ராணுவம்னா சின்ன ராணுவம், அவ்வளவுதான். இதை ஒரே ஸ்லைடுல போட்டுட்டு உக்காருங்க தம்பி.

கணக்குப்பிள்ளை:

நேரா_பேசுவோம், நீங்க சொல்றதுல பாதிக்கு மேல எனக்கும் சம்மதம்தான். ஆனா தம்பிக்கு விழுந்த தலைப்பு "ராணுவம் இருக்கணுமா"ன்னு இல்ல. அதுவும் இல்லாம சண்டையே போடாத ராணுவமும் தெனமும் எரிச்சுக்கிட்டுதான் இருக்கு, பயிற்சி, ரோந்து, குளிர்சாதனம், சரக்கு. அமெரிக்கக் கணக்கையே எடுங்க, 2001 முதல் 2017 வரைக்கும் பாதுகாப்புத்துறையோட மொத்தம் 120 கோடி டன்னுன்னு பிரௌன் பல்கலைக்கழகத் திட்டம் ஒண்ணு மதிப்பிட்டுச்சு, அதுல நேரடியா போர் சம்பந்தப்பட்டது 40 கோடி டன் சொச்சம். ரெண்டு பெரிய போர் நடந்த காலத்துலயே மூணுல ஒரு பங்குதான் போர், மீதி சும்மா இருக்கறதுக்கு ஆற செலவு. அந்த மீதியைக் குறைக்க சமாதானம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு என்ன அவசியம்?

ஒண்ணு ஒத்துக்கறேன். "நெட் ஜீரோ 2050"ன்னு, அதாவது 2050-க்குள்ள நிகர உமிழ்வு பூஜ்யம்னு அறிவிக்கறதெல்லாம் அடுத்த தேர்தல் வரைக்கும்தான். 2022 பிப்ரவரில அமெரிக்க ராணுவம் பெரிய காலநிலைத் திட்டம் வெளியிட்டுச்சு, 2035-க்குள்ள எல்லா தளத்துலயும் மைக்ரோகிரிட்னு. 2025-ல ஆட்சி மாறினதும் காலநிலைன்னு பேர் போட்டதையெல்லாம் பென்டகன் கழட்டி வீசிடுச்சு. டீசல்மாமா சொன்ன மாதிரி "கான்வாய்"னு பேர் வச்ச திட்டத்தை மட்டும் யாரும் தொட மாட்டாங்க.

மண்புழு:

லேட்டா வரேன். எல்லாரும் புகையைப் பத்தியே பேசறீங்க, மண்ணையும் தண்ணியையும் யாருமே தொடலையே. நான் பத்து வருஷம் தண்ணி பரிசோதனை லேப்ல இருந்தவ. ராணுவ தளத்தோட தடம்னு கேட்டா என் கண்ணுக்கு முதல்ல தெரியறது தரைக்கு அடியில இருக்கறதுதான். கார்பனாவது எல்லாருக்கும் பொது, இது பக்கத்துல கெணறு வச்சிருக்கறவங்க தலையில நேரா விடியும்.

ஹவாயில ரெட் ஹில்னு ஒரு எடம். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல மலையைக் குடைஞ்சு 20 ராட்சத எரிபொருள் தொட்டி கட்டினாங்க, ஒவ்வொண்ணும் 1.25 கோடி காலன். அதுக்கு சுமார் 100 அடி கீழ அந்தத் தீவோட குடிநீர் ஊத்து. 2021 மே மாசம் ஒரு கசிவு, போன எரிபொருள்ல ஒரு பகுதி தீயணைப்பு அமைப்போட வடிகால் பைப்புக்குள்ள போய் தேங்கிடுச்சு. அது எரிபொருளுக்குன்னு போட்ட பைப்பே இல்ல, பிவிசி பைப். ஆறு மாசம் அந்தக் கனத்துல தொங்கிக்கிட்டே இருந்துச்சு, யாருக்கும் தெரியல. நவம்பர்ல சுரங்கத்துக்குள்ள போன ஒரு டிராலி அந்தப் பைப்பு வால்வுல இடிச்சுது, கொட்டிடுச்சு. சுமார் 93,000 பேர் குடிக்கற தண்ணில ஜெட் எரிபொருள். குழாயைத் திறந்தா பெட்ரோல் வாடை, கொழந்தைங்களுக்கு வாந்தி, தோல் எரிச்சல். பாதிக்கப்பட்டது யாருன்னு பாத்தா பெரும்பாலும் அதே ராணுவத்தோட குடும்பங்க. 2022 மார்ச்ல அந்த எரிபொருள் கிடங்கையே மூடச் சொல்லிட்டாங்க. இதுல என்ன பெரிய தொழில்நுட்பம் தேவைப்பட்டுச்சு சொல்லுங்க, மே மாசம் காணாமப் போன எரிபொருளும் திரும்பக் கெடைச்ச எரிபொருளும் டேலி ஆகுதான்னு ஒருத்தர் ஒழுங்கா பாத்திருந்தா போதும்.

அடுத்தது நுரை. விமானத் தீயை அணைக்கற அந்த நுரைல பிஎஃப்ஏஎஸ்னு ஒரு வகை ரசாயனம், மண்ணுல போனா அழியவே அழியாது. தீயை அமுக்கறதுல கில்லாடி, அதை மறுக்கல, 1967-ல ஃபாரஸ்டல்ங்கற விமானந்தாங்கி கப்பல்ல தீப்பிடிச்சு 134 பேர் செத்த பிறகு அது எல்லா எடத்துக்கும் பரவினதுல ஆச்சரியமும் இல்ல. ஆனா பாதிப்பு வந்தது நெஜத் தீயால மட்டும் இல்ல, வாரா வாரம் பயிற்சிக்குன்னு ஒரே குழியில அடிச்சு அடிச்சு அங்கேயே ஊற விட்டதாலதான் அவ்வளவும் மண்ணுக்குள்ள போச்சு. ஃப்ளோரின் இல்லாத நுரைக்கு அமெரிக்க ராணுவம் 2023-லதான் தரநிர்ணயமே வெளியிட்டுச்சு. அது வர்றதுக்கு முன்னாடியே பயிற்சிக்கு வெறும் தண்ணியைப் பயன்படுத்தியிருக்கலாம், அதுக்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டியதில்ல. நாங்க ஒரு பயிற்சித் தளத்துக்கு வெளிய இருக்கற கெணறுகள்ல சாம்பிள் எடுத்தப்போ, உள்ள நுரை டேங்க் எங்க இருக்குன்னு ஒரு வரைபடம் கேட்டோம். பாதுகாப்பு ரகசியம்னு சொல்லிட்டாங்க. செயற்கைக்கோள் படத்துல கருகின வட்டம் அவ்வளவு பளிச்சுனு தெரியுது, அது ரகசியமாம்!

அப்புறம் அவசரப்பட்டு மாத்தறதுலயும் ஒரு ஆபத்து இருக்கு, வெட்டிக்கேள்வி இதைக் கண்டிப்பா சேத்துக்கோங்க. மாசசூசெட்ஸ்ல கேம்ப் எட்வர்ட்ஸ்னு ஒரு பயிற்சித் தளம், நிலத்தடி நீர்ல வெடிமருந்து கலந்ததால 1997-ல சுற்றுச்சூழல் முகமை சுடற பயிற்சிய நிறுத்தச் சொல்லுச்சு. ஈயம் விஷம்னு டங்ஸ்டன் கலந்த 'பசுமைத் தோட்டா'வுக்கு மாறினாங்க. டங்ஸ்டன் கரையாது, எங்கயும் போகாதுன்னு நெனச்சாங்க. அது ஈயத்தைவிட வேகமா மண்ணுல எறங்கி நிலத்தடி நீருக்குப் போயிடுச்சு, 2006-ல அதையும் நிறுத்தினாங்க. இப்ப தாமிரம் வச்ச தோட்டா 2010-லேருந்து புழக்கத்துல இருக்கு. பேரைப் பாத்து நம்பாம மண்ணுல போட்டு சோதிக்கணும், அந்தந்த மண்ணுல, அந்தந்த மழையில.

நல்ல பக்கமும் ஒண்ணு சொல்றேன், இல்லன்னா நேரா_பேசுவோம் சண்டைக்கு வந்துடுவார். பயிற்சி மைதானங்கள்ல வீடு கட்ட மாட்டாங்க, உரம் போட மாட்டாங்க, அதனால சில எடத்துல உயிரினம் தப்பிச்சு நிக்குது. இங்கிலாந்துல சாலிஸ்பரி சமவெளியில டாங்க் சக்கரம் போட்ட பள்ளத்துல மழைத்தண்ணி தேங்கினா அதுல ஒரு அபூர்வ குட்டி இறால் வகை வளருது. அதோட முட்டை அடுத்த பள்ளத்துக்கு எப்படிப் போகுதுன்னு நெனைக்கறீங்க, டாங்க் சக்கரத்துல ஒட்டின சேத்துலதான். பழங்காலத்துல மாட்டுக் குளம்பு செஞ்ச வேலை, இப்ப டாங்க் செய்யுது. அமெரிக்காவுல ஃபோர்ட் பிராக்னு ஒரு ராணுவ தளத்துல, அழியற நிலையில இருந்த ஒரு மரங்கொத்திக்காக பயிற்சியே தடைபட்டுச்சு. ஆரம்பத்துல பெரிய தகராறு, அப்புறம் ராணுவமே தளத்துக்கு வெளிய இருக்கற காட்டைப் பாதுகாக்க பணம் குடுக்க ஆரம்பிச்சுது, பறவைக்கு வெளியிலயும் எடம் கெடைச்சா உள்ள கட்டுப்பாடு தளரும்னு. 2006-ல பறவைக் குடும்பங்களோட இலக்கை அஞ்சு வருஷம் முன்னாடியே எட்டிட்டாங்க. கடல்லயும் அப்படித்தான், கேனரி தீவுகள் பக்கம் 2002-ல ஒரு கூட்டுப்பயிற்சி சமயத்துல திமிங்கலங்க கரை ஒதுங்கிச்சு, சோனார்தான் (தண்ணிக்குள்ள ஒலி அனுப்பி நீர்மூழ்கியைத் தேடற கருவி) காரணம்னு தெரிஞ்சு 2004-ல ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுத்தி 50 கடல்மைலுக்கு சோனாரைத் தடை பண்ணுச்சு. அதுக்கப்புறம் அங்க அந்த மாதிரி கூட்டமா ஒதுங்கறது நின்னுபோச்சு. செலவு ஒண்ணும் இல்ல, வேற எடத்துல போய் பயிற்சி எடு, அவ்வளவுதான்.

வெட்டிக்கேள்வி:

ஐயோ, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மண்புழு அக்கா, அந்த டங்ஸ்டன் கதையைத்தான் முதல் ஸ்லைடா வைக்கப் போறேன். மரம் நடற ஸ்லைடைத் தூக்கிட்டேன்.

டீசல்மாமா சார், கடைசியா ஒண்ணே ஒண்ணு. ஒரு தளபதிகிட்ட ஒரு வருஷம்தான் டைம், பணமும் கொஞ்சம்தான்னா முதல்ல எதுல கை வைக்கச் சொல்வீங்க?

டீசல்மாமா:

மீட்டர் மாட்டுங்க தம்பி. ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் ஒரு மீட்டர். நிறைய எடத்துல டீசல் எவ்வளவு வந்துச்சுன்னுதான் கணக்கு இருக்கும், எந்த மெஷின் எவ்வளவு குடிச்சுதுன்னு இருக்காது. மண்புழு அம்மா சொன்ன ரெட் ஹில்லும் அதேதானே, உள்ள போனது எவ்வளவு வெளிய வந்தது எவ்வளவுன்னு டேலி பண்ணல.

ஆனா மீட்டர் மட்டும் மாட்டினா பத்தாது. இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், இப்ப ரிட்டயர் ஆயிட்டேன், யார் என்ன பண்ணப் போறாங்க. நான் இருந்த ஒரு யூனிட்ல வருஷத்துக்கு இவ்வளவு டீசல்னு ஒதுக்கீடு. மிச்சம் பண்ணா என்ன ஆகும்? அடுத்த வருஷம் அவ்வளவை வெட்டிடுவாங்க, உனக்கு இவ்வளவு தேவையில்ல போலன்னு. அடுத்த வருஷம் நெஜமாவே தேவைப்பட்டா கெஞ்சணும். அதனால நிதியாண்டு முடியற கடைசி ரெண்டு வாரம் என்ன நடக்கும்னா, லாரியெல்லாம் மைதானத்தைச் சுத்தும். சரக்கு இல்லாம. டிரைவருங்க பாட்டு போட்டுக்கிட்டு சுத்துவாங்க, நாங்க ஜெனரேட்டரை லோடு பாங்க்ல மாட்டி "பராமரிப்பு"ன்னு லாக்புக்குல எழுதி ராத்திரி முழுக்க ஓட்டுவோம். ஒரு தடவை நான்தான் ஒதுக்கீட்டுல கொஞ்சம் மிச்சம் வச்சேன், ரெண்டு மெஷினை இணைச்சு ஓட்டி. பாராட்டுவாங்கன்னு நெனச்சேன். ஸ்டோர் அதிகாரி கூப்பிட்டு, அடுத்த வருஷம் குறைஞ்சா நீதான் பதில் சொல்லணும்னு சொன்னார். அடுத்த வருஷத்துலேருந்து நானும் சுத்த விட்டேன்.

அதனால உங்க தளபதி முதல்ல ஒரு உத்தரவு போடணும். மிச்சம் பண்ண டீசலோட காசுல பாதி அந்த யூனிட்டுக்கே வரும், அதை அவங்க இஷ்டப்படி கூடாரத்துக்கோ கேபிளுக்கோ குளிக்கற சுடுதண்ணிக்கோ செலவு பண்ணலாம், ஒதுக்கீட்டை மூணு வருஷத்துக்கு வெட்ட மாட்டோம்னு எழுதிக் கையெழுத்து போடணும். அதுக்கப்புறம் மெக்கானிக்கே வழி கண்டுபிடிப்பான், நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேணாம்.

உங்களுக்கு எந்தத் தளத்துக்காவது போய்ப் பாக்க அனுமதி கெடைச்சா சோலார் பேனலைக் காட்டுவாங்க, பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. அப்புறம் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போங்க, சைலன்சர் மூட்டைக் கைத்துணியால ஒரு தடவை தொடைச்சுப் பாருங்க, லாக்புக்குல கடைசி மாசப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. துணி கருப்பா ஈரமா வந்து, அந்தப் பக்கத்துல மத்த மாசத்தைவிட ரெண்டு மடங்கு மணிநேரம் இருந்தா, மீதிக் கதையை எனக்கு எழுதுங்க.